சாக்பீஸ் டப்பாவில் ஒளிந்த மாத்திரை

முதலில் நடுங்கியது கையிலிருந்த சாக்பீஸ்தான். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ வகுப்பில் பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அறுகோணம்) வரைந்துகொண்டிருந்தேன். ஏழு வருடமாக வரைகிற படம், கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். அன்று ஐந்தாவது கோடு நெளிந்து எங்கோ போனது. கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "சிரிச்சவ எழுந்து வந்து வரை" என்று அதட்டினேன். அதட்டி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

மார்புக்குள் ஒரு துடிப்பு வராமல் நின்றது. அடுத்தது இரண்டு மடங்காக வந்து இடித்தது. பிறகு எல்லாமே வேகமாக ஓடத் தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. மூச்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காகவும், அதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாவது வகை எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா, மூச்சுக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் நோய்). பிறந்த ஊர் கண்டாச்சிபுரத்துப் பக்கம். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிக் காயவைக்கும் நாட்களில் தூசி கிளம்பும், எனக்கு நெஞ்சில் விசில் கிளம்பும். முற்றிப்போனால் கம்பவுண்டர் வந்து அட்ரினலின் ஊசி போடுவார். ஊசி ஏறிய சில நிமிடங்களில் மூச்சு திறக்கும். கூடவே இதயம் குதியாய்க் குதிக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் அடங்கிவிடும்.

கல்யாணம் பேச வந்தபோது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இழுப்பைப் பத்தி மூச்சு விடாத. அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கும்னு சொல்லிடுவாங்க. அப்பறம் அவளையும் எவனும் கட்ட மாட்டான்." தங்கைக்கும் மழை நாட்களில் லேசாக வரும்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாய் நாலு வருடம் மூடியே இருந்தது.

கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். கணவருக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும்தான். அத்தை பேச்சு அதிகமில்லாதவர், ஆனால் கண்ணும் காதும் கூர்மை. தினமும் காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டோடு திண்டிவனம் போய் சாயங்காலம் திரும்புவேன். இழுப்புக்கு எபிட்ரின் (மூச்சுக் குழாயை விரிக்கும் பழைய மருந்து) கலந்த மாத்திரை. அதைத் திண்டிவனம் ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்குவேன். விழுப்புரத்தில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மாத்திரைகளைப் பிரித்து சாக்பீஸ் டப்பாவில், பஞ்சுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு டீச்சரின் பையில் சாக்பீஸ் டப்பா இருந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அந்தத் தை மாதம் பனியும் மல்லாட்டைத் தூசியும் சேர்ந்துகொண்டன. ஒரு மாத்திரை இரண்டாயிற்று. ராத்திரி தூக்கம் போயிற்று. கை நடுங்கியது. டீயைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் என் உறிஞ்சலையும் கமறலையும் கேட்ட அத்தை, சளி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார். எங்கள் பக்கத்தில் சளிக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் "சளிக்கு ஒரு செட் குடுப்பா" என்றால் போதும். கடைக்காரர் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், பாதியாக உடைத்த ஒன்று என்று காகிதத்தில் மடித்துத் தருவார். பெயர் எதிலும் இருக்காது. அட்டையைக் கத்தரித்தபோதே அது கடையில் தங்கிவிடும். மூன்று நாட்களாக அத்தை காலையில் காபியோடு ஒரு செட்டை நீட்டினார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். நான் வாங்கி விழுங்கினேன்.

கோடு நெளிந்த அன்று மதியம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் காற்று போதவில்லை. மார்பு அடித்துக்கொண்டது, மூச்சு மேல்மூச்சாக வந்தது. இழுப்புதான் வருகிறது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடம் கூடவே இருந்த நோய், எனக்குத் தெரியாதா! விசில் சத்தம் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கவனித்திருந்தால் போதும். கவனிக்கவில்லை. மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது டப்பாவைத் திறந்து அன்றைய மூன்றாவது மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அது இழுப்பு இல்லை. இதயம் தறிகெட்டு ஓடியதால் வந்த மூச்சுத் திணறல். எரிகிற அடுப்பில் நானே எண்ணெய் ஊற்றினேன்.

விக்கிரவாண்டி தாண்டும்போது மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. நாலைந்து வேகமாக ஓடும், ஒன்று காணாமல் போகும், மறுபடி ஓடும். செத்துப்போய்விடுவேன் என்று பயந்தேன். எதிர் சீட்டில் ஒருவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நான் சாகிற வேளையில் இந்த மனிதர் முறுக்கு தின்கிறாரே என்று அவர்மேல் அநியாயத்துக்குக் கோபம் வந்தது.

வீட்டு வாசல்படியில் சரிந்தேன். அத்தை அலறிக்கொண்டு ஓடி வந்து தாங்கினார். சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஜல்தியா மிதிப்பா, ஜல்தியா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விழுப்புரத்தில் பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. நாடித் துடிப்பு நூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். நீளக் காகிதத்தில் முறை தவறி முந்திக்கொண்டு வந்த துடிப்புகளை டாக்டர் பேனாவால் ஒவ்வொன்றாகச் சுழித்தார். நிதானமானவர், நாற்பது வயதிருக்கும்.

"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

"இல்லீங்க."

"இழுப்பு, ஆஸ்துமா ஏதாவது உண்டா?"

அத்தை என் கால்மாட்டில் நின்றிருந்தார். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

அத்தைதான் முன்னால் வந்தார். "நான் குடுத்தேங்க. சளி புடிச்சிக்கினு இருந்துது. அதான் கடையில செட்டு வாங்கி..." என்று சுருக்குப்பையிலிருந்து மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்தார். சிஸ்டரை அனுப்பிக் கடையில் என்ன மாத்திரை என்று கேட்டு வரச் சொன்னார். கடை எதிரிலேயே இருந்தது. பெயர் வந்ததும் அவர் குரல் ஏறியது.

"மூக்கடைப்புக்குப் போடுற மருந்தும்மா இது. ரத்தக் குழாயைச் சுருக்கும், இதயத்தை வெரட்டும். யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? மாத்திரை என்ன பொட்டுக்கடலையா?"

சிஸ்டர் முன்னால், பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால், அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தச் செட் மட்டுமே காரணமில்லை என்று எனக்குத் தெரியும். என் பையில் சாக்பீஸ் டப்பா இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் திட்டு அவர்மேலிருந்து இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என் இதயத்தைப் பற்றி யோசிக்கும்போது, அது தாறுமாறாக ஓடிய நேரத்தைவிட இந்த நேரம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

"புரோப்ரனலால் ஒண்ணு எழுதுறேன்" என்றார் டாக்டர். "டீச்சர்னு சொன்னாங்களே, என்ன சப்ஜெக்ட்?"

"கெமிஸ்ட்ரி."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். அட்ரினலின் வந்து உட்கார்ற சீட்டுல இது முந்திப் போய் உட்கார்ந்துக்கும். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி. தானும் எதுவும் செய்யாது, அதையும் உட்கார விடாது. இதயம் அடங்கிடும்."

"இதயத்துல மட்டுமா டாக்டர்?"

"எல்லா எடத்துலயும்தான். நுரையீரல்லயும் துண்டு விழும். அதான் இழுப்புக்காரங்களுக்கு இதைக் குடுக்கவே மாட்டோம், மூச்சு அடைச்சிடும். உங்களுக்குத்தான் அது இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். அத்தை டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் வாயருகே பிடித்தார். "முழுங்கும்மா. எல்லாம் சரியாப் பூடும்" என்றார். குரல் அழுது முடித்த குரலாக இருந்தது.

சின்ன வயதில் கம்பவுண்டர் போட்ட ஊசி நினைவுக்கு வந்தது. அடைத்துக்கொண்ட என் மூச்சைத் திறந்தது அந்த அட்ரினலின்தான். இந்த மாத்திரை உள்ளே போனபின் மூச்சு அடைத்தால் அந்த ஊசியும் உதவாது. சொன்னால் நாலு வருடப் பொய் உடையும். தங்கைக்கு வரன் அமையாது. அம்மா முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இங்கேயே, இந்தக் கட்டிலில், அத்தை ஊட்டிவிட்ட தண்ணீரோடு போய்விடுவேன். மாத்திரை வியர்வையில் கரைந்து கையில் ஒட்டியது.

"வேணாம் அத்தை. டாக்டரைக் கூப்பிடுங்க."

"இன்னாம்மா?"

"எனக்கு இழுப்பு இருக்கு. சின்ன வயசுலேருந்தே இருக்கு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். பையில இருக்கு."

அத்தை டம்ளரை ஸ்டூலில் வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

நியாயத்துக்காக நான் பேசவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அத்தை திட்டு வாங்கியபோது வாயைத் திறக்காதவள், என் மூச்சுக்கு ஆபத்து என்றதும் திறந்தேன்.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டார். சாக்பீஸ் டப்பாவை வாங்கிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வேறொரு சீட்டின் பின்பக்கம் ஒரு அறுகோணம் வரைந்து பேனாவை என்னிடம் கொடுத்தார். "எபிட்ரின் எழுதுங்க."

நடுங்கும் கையால் எழுதினேன். வளையம், அதிலிருந்து இரண்டு கார்பன் வால், வால் நுனியில் நைட்ரஜன், அதன் பக்கத்தில் கிளையாக ஒரு கார்பன். பக்கத்தில் அட்ரினலினை எழுதச் சொன்னார். அதே வளையம், அந்தக் கிளை இல்லாத அதே வால். வளையத்தில் மட்டும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன ஒட்டு) கூடுதல். அவர் சளி மாத்திரையின் அமைப்பைத் தானே எழுதினார். எபிட்ரினில் நைட்ரஜனோடு ஒட்டியிருந்த ஒரு கார்பன் அதில் இல்லை. மற்றபடி அச்சு அசல் அதே.

உடனே புரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஏழு வருடமாகக் கரும்பலகையில் நான் வரைந்த வளையம் என் டப்பாவிலும் இருந்தது, அத்தையின் பொட்டலத்திலும் இருந்தது. ஒரே ஆள் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறான்.

என் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். உடம்பு தானாகச் சுரக்கும் அட்ரினலினை நொதிகள் (வேதிமாற்றத்தை நடத்தும் புரதங்கள்) அந்த இரண்டு ஒட்டுகளைப் பிடித்துச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். எபிட்ரினின் வளையத்தில் பிடிக்க ஒட்டு கிடையாது. நைட்ரஜன் பக்கத்தில் ஒரு கார்பன் வேலி மாதிரி நின்று இன்னொரு நொதியையும் தடுக்கிறது. அட்ரினலின் ஒரு தடவை போகும் டிக்கெட் என்றால், எபிட்ரின் என்னைப் போல சீசன் டிக்கெட்காரி. மணிக்கணக்கில் உள்ளேயே போய்வந்துகொண்டிருக்கும். ஒட்டுகள் இல்லாததால் மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். தூக்கம் போனதும் கை நடுங்கியதும் டீயால் இல்லை. நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் அட்ரினலின் வகைச் சரக்கையும் கிளப்பிவிட்டு இதயத்தை ஓட ஓட விரட்டும். தூக்கம் வராமலிருக்கவும் பசியை அடக்கவும் சிலர் விழுங்கும் மாத்திரைகளும் இதே குடும்பம்தான் என்றார் டாக்டர்.

"இப்ப என்ன செய்யணும் டாக்டர்?"

"காத்திருக்கணும். அது சிறுநீர்ல வெளியேறணும். அதுவரைக்கும் இதயம் தாங்கணும்."

அந்தப் பிற்பகல் முழுக்கக் காத்திருந்தோம். குளுக்கோஸ் ஏறியது. அரை மணிக்கு ஒருமுறை சிஸ்டர் நாடி பிடித்து எழுதினார். நூற்று ஐம்பத்தாறு, நூற்று ஐம்பத்திரண்டு, மறுபடி ஐம்பத்தாறு. நாலு மணிக்குமேல் நிஜமான இழுப்பும் வந்து சேர்ந்தது. மூச்சைத் திறக்கும் மருந்து இதயத்தை விரட்டும், இதயத்தை அடக்கும் மருந்து மூச்சை அடைக்கும். நடுவில் நான் மாட்டிக்கொண்டு கிடந்தேன். டாக்டர் யோசித்து ஸ்டீராய்டு ஊசி (மூச்சுக் குழாயின் வீக்கத்தை மெதுவாக வற்றவைக்கும் மருந்து) போட்டார். அது வேலை செய்ய நேரமாகும் என்றும் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக இழுத்து விட்டேன்.

ஆபீஸிலிருந்து கணவர் வந்தார். விஷயம் கேட்டதும், "எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?" என்றார். அதற்குப்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நாடி நூற்றிருபதுக்கு இறங்கியது. அப்போதுதான் அத்தை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கண்ணாலத்துக்கு முன்னாடியே இருந்துதா?"

"இருந்தது அத்தை."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பிறகு அவர் பேசியதை நான் மறக்கவே மாட்டேன். "மறைச்சது கூடப் பெருசு இல்ல. உள்ள ஒண்ண முழுங்கிக்கினு, நான் குடுத்ததையும் வாங்கி வாங்கி முழுங்கினியே, அதான் மனசு ஆறல. உனுக்கு ஏதாவது ஆயிருந்தா? மருமவளுக்கு மருந்து வெச்சிக் கொன்னுட்டாள்னு ஊரே சொல்லிக்கினு இருக்கும். அது பொய்யின்னு எனுக்கே தெரியாம பூட்டிருக்கும்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. மூக்கைத் துடைக்கத் தலைப்பை மட்டும் நீட்டினார்.

நாலாம் நாள் வீடு திரும்பினேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது சால்ப்யூட்டமால் இன்ஹேலர் (மருந்தைப் புகையாக உள்ளிழுக்கும் சின்னக் குப்பி). விழுப்புரத்தில் கிடைக்காமல், இரண்டு நாள் பேசாதிருந்த கணவர்தான் பாண்டிச்சேரி போய் வாங்கி வந்தார். அதன் அமைப்பையும் வரைந்து பார்த்தேன். மறுபடியும் அதே வளையம், அதே வால்! ஆனால் நைட்ரஜனின் நுனியில் பருமனான ஒரு கார்பன் கொத்து. அந்தப் பருமனோடு நுரையீரலின் சீட்டில் நன்றாக உட்கார முடிகிறது; இதயத்தின் சீட்டில் அவ்வளவாக இடம் பொருந்துவதில்லை. அளவு மீறினால் இதுவும் இதயத்தைத் தொடும். ஆகவே எண்ணித்தான் இழுக்கிறேன். எல்லோர் முன்னாலும்தான் இழுக்கிறேன். ரயிலில் முதல் தடவை இழுத்தபோது பக்கத்து சீட்டு அம்மா எழுந்து தள்ளி உட்கார்ந்தார். எனக்கு வசதியாகக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து, விதை மல்லாட்டை விசாரிக்கும் சாக்கில் ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக்காரர். தன் மகனுக்கு என் தங்கையைப் பார்த்திருந்தார். பெண் வீட்டைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே சம்பந்தியான வீட்டில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"குடும்பத்துல யாருக்காவது ஒடம்புக்கு ஏதாவது..." என்று அந்த அம்மா இழுத்தார்.

கூடத்தில் சத்தமே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழக்கம் அது. சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் நாற்பத்தைந்து நிமிடப் பீரியட், காலை பாசஞ்சர், சாயங்கால பாசஞ்சர். இப்போது ஒரு நிமிடம் என்பது எழுபத்தெட்டுத் துடிப்பு. ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததா என்று பார்த்துத்தான் அடுத்ததற்குப் போகிறேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு.

"எம் மருமவளுக்கு இழுப்பு இருக்குது" என்றார் அத்தை. "தங்கச்சிக்கும் மழ நாள்ல கொஞ்சம் வருமாம். மருந்து இருக்குது, நல்லாத்தான் வேலைக்குப் போய்க்கினு வருது. தெரிஞ்சி கட்டிக்கிறதா இருந்தா கட்டிக்கிங்க. தெரியாம கட்டிக்கினு போயி அந்தப் புள்ளைய நீங்களே கொன்னுப்புடாதீங்க."

காபி குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. என் அம்மா அத்தையோடு ஆறு மாதம் பேசவில்லை. தங்கை பிறகு வேறு இடத்தில், எல்லாம் தெரிந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, பையில் இன்ஹேலரோடு புகுந்த வீட்டுக்குப் போனாள்.

இப்போதும் காலையில் எழுந்ததும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறேன். பதினெட்டு வரும்போது விரல் தானாக ஒரு கணம் அழுந்தும். அத்தைக்கு உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. எனக்கு நாலு வருடம் ஆயிற்று.